காட்டைக் காக்க மடுல்கெல்லவுக்கு வருவோர் கவனத்துக்கு

முதலில் யானைக் கதையை முடித்துவிடுவோம். மடுல்கெல்லவில் யானை இல்லை. விமான டிக்கெட் போடுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பட்டப்படிப்பை முடித்த கையோடு, "ஒரு மாதம் காட்டு விலங்குகளுக்குத் தொண்டு செய்யப் போகிறேன்" என்று புறப்பட்டு வரும் நம் பிள்ளைகள், பையை இறக்கி வைக்குமுன் கேட்பது யானை எங்கே என்றுதான். யானைதான் வேண்டுமென்றால் நக்கிள்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி வஸ்கமுவவுக்குப் போக வேண்டும். அங்கேயும் தூர நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். யானையைத் தேய்த்துக் குளிப்பாட்டிப் படம் பிடிக்க விடுகிற இடம் எதுவானாலும், வாசலில் என்ன பலகை தொங்கினாலும், அது வியாபாரம்.

விலங்கைத் தேடி இந்த மலைகளுக்கு வந்த முதல் ஆட்கள் நீங்கள் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்றொருவர் இருந்தார். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று கணக்கு. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நீங்கள் கமராவோடு வருகிறீர்கள். முன்னேற்றம்தான்.

அடுத்தது பணம். தொண்டு செய்யக் கட்டணம் கட்ட வேண்டும்; தங்க, சாப்பிட, வழிகாட்ட என்று ஒரு தொகை கேட்பார்கள். அதில் எவ்வளவு காட்டுக்குப் போகிறது, எவ்வளவு ஏற்பாட்டுக்காரருக்குப் போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்தக் காசுக்குக் கண்டியில் நாலு நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பலாம். தோட்டத்து லயத்தில் யாராவது "சம்பளம் எவ்வளவு?" என்று விசாரித்தால், "சம்பளம் இல்லை, நான்தான் கட்டுகிறேன்" என்று உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாயாக 2021 வரை போராடிக் காத்திருந்த சனம் அது. புத்தி பேதலித்த பிள்ளை என்று எண்ணி, ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து தாய் தகப்பனைப் பற்றி அனுதாபமாக விசாரிப்பார்கள்.

விசாவையும் பாருங்கள். சம்பளமில்லாத வேலையும் குடிவரவுக்காரர் கண்ணில் வேலைதான். "ஆய்வு" என்று சொல்லிவிட்டால் எழுத்தில் அனுமதி வேண்டும். அதை யாரிடம் வாங்குவது என்பதும் ஒரு படிப்பு. காடு வனத் திணைக்களத்துக்கு. காட்டுக்குள் நடமாடும் விலங்கு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு. அதே விலங்கு ஒரு கானைத் தாண்டித் தேயிலைக்குள் கால் வைத்தால், நிலம் கம்பனிக்கு. மூன்று இடத்துக்கும் கடிதம் எழுதிப் பதில் வருவதற்குள் உங்கள் ஒரு மாதம் முடிந்துவிடும்.

கண்டியில் பஸ் ஏறி வத்தேகம, பன்வில என்று வளைந்து வளைந்து ஏறி மடுல்கெல்லவில் இறங்கினால், கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. "காடு எங்கே?" என்பது உங்கள் இரண்டாவது கேள்வியாக இருக்கும். காடு இங்கேதான் இருந்தது. கோப்பிக்காக வெட்டினார்கள், கோப்பி நோயில் போக, தேயிலை வைத்தார்கள். மிச்சம் மேலே, நக்கிள்ஸ் மலை மேகத்துக்குள் இருக்கிறது. அதை 2000இல் பாதுகாப்பு வனமாக்கினார்கள். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் மூன்று துண்டுகளில் ஒன்றாகச் சேர்த்தது. மூக்கில் இலை முளைத்தது போன்ற கொம்போடு ஓர் ஓணான் அங்கே உண்டு; உலகில் வேறெங்கும் இல்லை. அசையாமல் கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கும். யானையோடு எடுத்த படத்துக்கு விழும் லைக்கில் பத்தில் ஒன்றுகூட அதற்கு விழாது. இருந்தாலும் பாருங்கள்.

உடுப்பு விஷயத்தில் கடைக்காரன் விற்கும் விலையுயர்ந்த மலையேற்றக் காற்சட்டையை நம்ப வேண்டாம். அட்டை எதற்குள்ளும் புகும். கொழுந்தெடுக்கும் அக்காமார் இடுப்பில் படங்கைச் சுற்றி, காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். அவர்கள் செய்வதைச் செய்யுங்கள். அட்டைக்கு அலறலாம், பரவாயில்லை. குளவி கிளம்பினால் அலற நேரமில்லை, ஓட வேண்டும். சிறுத்தையைப் பற்றி இவ்வளவு பேசும் நாட்டில், தோட்டத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் குளவி. குளவிக் கொட்டுக்குத் தொண்டர் முகாம் யாரும் நடத்துவதாகக் காணோம்.

இனி சிறுத்தை. மலையில் "புலி" என்றுதான் சொல்வார்கள், பயந்துவிடாதீர்கள். நீங்கள் அதைப் பார்க்கப்போவதில்லை. செடியைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முந்திய வருடம் தேயிலை அடர்ந்து கிடக்கும்போது அது உள்ளே வந்து படுக்கும், சில வேளை குட்டியும் போடும். செடிக்கடியில் குட்டியை முதலில் காண்பவள் கூடையோடு நிற்கும் பெண். அவள் அந்த நிரையை விட்டு விலகி, கங்காணியிடம் சொல்லிவிட்டு வேறு பக்கம் கொழுந்து எடுப்பாள். தாய் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். இந்த ஊரில் நடக்கும் ஆகச் சிறந்த வனவிலங்குப் பாதுகாப்பு இதுதான். இதற்குச் சான்றிதழ் இல்லை. அன்றைய கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவார்கள். நீங்கள் அங்கே நின்றிருந்தால் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துப் படம் எடுத்திருப்பீர்கள். குட்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றால் தாய் கிட்ட வராது.

உருப்படியாக ஒரு வேலை செய்யத்தான் வேண்டுமென்றால் கம்பி தேடுங்கள். மோட்டார் சைக்கிள் கிளச் கம்பியோ, பிரேக் கம்பியோ. ஒரு முனையில் சுருக்கு, மறுமுனையை மரத்தடியிலோ தேயிலைத் தூரிலோ கட்டி, மரக்கறித் தோட்டத்து வேலியில் இருக்கும் இடைவெளியில் தொங்கவிட்டிருப்பார்கள். கிழங்கைக் கிளறும் காட்டுப்பன்றிக்கு வைத்தது. துருப்பிடித்த கம்பி காய்ந்த கொடியோடு கொடியாகத் தெரியும். மூன்றடியில் நின்றாலும் தப்பும். பன்றி நுழையும் வழியில்தான் சிறுத்தையும் வரும். கழுத்து தப்பினால் இடுப்பில் இறுகும். இழுக்க இழுக்க உள்ளே அறுக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் சிக்கியது. மயக்க ஊசி போட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. பிறகு ஆகஸ்ட் 1ஆம் திகதியைச் சிறுத்தை தினமாக அறிவித்தார்கள். கம்பிகள் அந்தந்த இடத்திலேயே இருக்கின்றன.

கம்பி வைத்தவரை வில்லனாக்கிக் குறும்படம் எடுக்கப் புறப்படாதீர்கள். ஒரு இரவில் பன்றி கிளறிய பாத்தி அவர் வீட்டு மூன்று மாதக் கறி. வேலி போடக் காசு கொடுக்க ஆளில்லை. கம்பி சும்மா கிடைக்கிறது. உங்கள் கட்டணத்தில் பாதியை நாலு பாத்திக்கு வேலியாக்கினால், நீங்கள் வராமலே தொண்டு முடிந்துவிடும். இதை எந்த ஏற்பாட்டுக்காரரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் வருவதானால் வாருங்கள், தேத்தண்ணி உண்டு. ஒன்றை மட்டும் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். சிக்கிய விலங்கைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், கம்பியை வெட்டாதீர்கள், நேரலை போட்டுக் கூட்டம் சேர்க்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.