ரோல்ஸுக்குத் தடை, பிளேன்டீக்கு அனுமதி

சம்பள நாள் சாயங்காலம் இரத்தினபுரி டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில் கொத்து ரொட்டி வாசம்தான் முதல் பயணி. லயத்து வாசலில் பை பிரிந்ததும் ஒன்றரை வயசு கை நீளும், சண்டை ஆரம்பம்.

"ஒரு கடி ரோல்ஸ்தானே புள்ள, ஆசைப்படுது" என்பார் தகப்பன். "கிளினிக்குல நிறை குறைஞ்சா ஏச்சு வாங்குறது நீங்களா, நானா?" என்பார் தாய். அவர் கட்சிக்கு அரசாங்கமே துணை: சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த திரிபோஷ 1973 முதல் நாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் பாக்கெட்டைச் சீனி போட்டு உருண்டை பிடித்து வீடே தின்று தீர்ப்பது வேறு கதை.

தாய்க்கு இன்னொரு துணையாக 2016இல் மென்பானப் போத்தல்களுக்கு நிறக் குறி வந்தது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. எச்சரிக்கைதான். பிள்ளைக்கோ சிவப்பு ரொம்பப் பிடிக்கும்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் அம்மாயி சத்தமில்லாமல் பிளேன்டீயில் பிஸ்கட்டை நனைத்துப் பிள்ளைக்கு ஊட்டுகிறார். தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சீனி மூன்று கரண்டி. கட்சி பிரிந்த இருவரும் இதில் மட்டும் வாய் திறப்பதில்லை. தேயிலை சொந்தத் தோட்டத்துச் சரக்காயிற்றே!

ரோல்ஸை இதற்குள் பூனை முடித்திருந்தது.