முய் தாயில் சேர்தலும் தொங்கும் பையின் அடுக்காய்வும்: திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்து

இயல் ஒன்று: ஆய்வின் தேவை

திருப்பூரின் ஏற்றுமதியை ஆராய்ந்துவிட்டார்கள், சாயக்கழிவை ஆராய்ந்துவிட்டார்கள், வெளிமாநிலத் தொழிலாளரையும் ஆராய்ந்துவிட்டார்கள். பகலெல்லாம் ஓவர்லாக் மிதித்த ஒருவர், ஷிப்ட் முடிந்த கையோடு மாடியேறிப் போய், சொந்தக் காசைக் கொடுத்து ஏன் உதை வாங்குகிறார் என்ற கேள்வியை மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் தொடவில்லை. இந்த ஆய்வு வெற்றிடத்தை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். வெற்றிடம் இல்லாமல் ஆய்வு இல்லை; கிடைக்காத துறைகளில் முதலில் ஒன்றை உண்டாக்கிக்கொண்டு பிறகு நிரப்புவது மரபு.

ஆய்வுக் களம், பல்லடம் ரோட்டுக்கும் காங்கயம் ரோட்டுக்கும் நடுவே, கீழே எலாஸ்டிக் கடை, நடுமாடியில் பிரிண்டிங் யூனிட், அதற்கும் மேலே தகரக் கூரை போட்ட ஒரு முய் தாய் ஜிம். கால எல்லை, தீபாவளி போனஸ் கைக்கு வந்தது முதல் அது கரைவது வரை.

இயல் இரண்டு: தோற்றம்

முய் தாய் என்ற தங்கள் சண்டைக் கலையின் கதையாகத் தாய்லாந்துக்காரர்கள் சொல்வது இது. 1767இல் அயுத்தயா பர்மியரிடம் வீழ்ந்தது. கைதியாகப் போனவர்களில் ஒருவரான நாய் கனோம் தோம், 1774இல் பர்மிய அரசர் முன்னிலையில் எதிராளிகளை வரிசையாக வீழ்த்தி விடுதலை பெற்றார். மார்ச் 17 அன்று அங்கே இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள். கம்போடியர்கள் இதை ஏற்பதில்லை. 2023இல் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி அவர்கள் ஊரில் நடந்தபோது ஆட்டத்துக்குக் ‘குன் க்மேர்’ என்றே பெயர் வைத்தார்கள். தாய்லாந்து அந்தப் பிரிவுக்கு ஆளே அனுப்பவில்லை. இரு நாடுகள் இப்படி மல்லுக்கு நிற்கும்போது நம் தரப்பில் ஒருவரும் உரிமை கோராமல் இருப்பது பெருங்குறை. இக்கட்டுரையாளர் இப்போது கோருகிறார்.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. தென் தாய்லாந்தின் தகுவா பா பகுதியில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்து வணிகரையும் சொல்கிறது. உதையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஊரறிந்த செய்தியைக் கல்லில் வெட்டும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. அதற்கும் முந்தையது, குளோங் தோமில் கிடைத்த, தமிழ் பிராமி பொறித்த பெரும்பத்தன் என்பவரின் உரைகல். பொன்னை உரைத்த கை ஓய்வு நேரத்தில் என்ன செய்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். ஆய்வாளரும் அதைத்தான் செய்கிறார்.

இறுதிச் சான்று அடிமுறைகளில் இருக்கிறது. பழைய முய்யில் இரு முட்டிகளையும் சேர்த்து எதிராளியின் தாடைக்கு ஏற்றும் குத்துக்குப் பெயர், அனுமன் கணையாழி கொடுத்தல். ஐராவதம் தந்தம் உயர்த்துவதாக இன்னொரு குத்து உண்டு. இதே சான்றுகளை வைத்து, நம் குத்துவரிசை தங்களிடமிருந்து போனதுதான் என்று தாய்லாந்துக்காரர் சொல்ல முடியாதா என்று கருத்தரங்கில் ஒருவர் கேட்டார். அவரிடமிருந்து மைக் வாங்கிக்கொள்ளப்பட்டது. (காண்க: ஜிம்மின் தெற்குச் சுவர், சுண்ணாம்பு உதிர்ந்த பகுதி.)

சொல்லாராய்ச்சிக்குள் இக்கட்டுரை போகவில்லை. போனவர்கள் திரும்பியதில்லை.

இயல் மூன்று: சேர்வோர் வகைமை

‘சார்பட்டா பரம்பரை’ பார்த்துவிட்டுச் சேர்வோர் ஒரு வகை. அது குத்துச்சண்டை, இது வேறு என்று மாஸ்டர் விளக்கி முடிப்பதற்குள் முதல் மாதப் பணத்தைக் கட்டிவிடுவார்கள்.

சர்க்கரை வந்ததால் சேர்வோர் ஒரு வகை.

சூப்பர்வைசரை மனதில் வைத்துச் சேர்வோருக்குப் பயிற்சி தேவையில்லை, பை இருந்தால் போதும்.

செக்கிங் பிரிவிலிருந்து வரும் பெண்கள் தனி ஆய்வுக்கு உரியவர்கள். பகல் முழுக்கத் துணியில் ஓட்டை தேடிய கண் மாலையிலும் மூடுவதில்லை. பேட் பிடித்து நின்ற மாஸ்டரிடம் ஓர் அக்கா, “ஏனுங் மாஸ்டர், உங்க பனியன்ல அக்குள்கிட்ட தையல் விட்டிருக்குதுங்” என்றார். மாஸ்டர் குனிந்து பார்த்தார். ரவுண்ட் கிக் விலாவில் இறங்கியது. எதிரியின் கவனத்தைச் சிதறடிக்கும் தொன்மையான உத்தி இது என்கிறார்கள் அறிஞர்கள். அக்கா, டேமேஜைப் பார்த்தேன், சொன்னேன் என்கிறார். “அம்மிணி, உதைச்சுட்டுச் சொல்லோணும்” என்பது மாஸ்டரின் பாடம். (காண்க: மேற்படி பனியன், இடது அக்குள், இரண்டாம் பதிப்பில் ஒட்டுப் போட்டுத் திருத்தப்பட்டுள்ளது.)

இவர்களைத் திணை பிரித்துக் காட்டும் பொறுப்பை முனைவர் பட்ட மாணவர் யாருக்காவது விட்டுவைக்கிறேன். அவர்களுக்கும் தலைப்பு வேண்டுமே.

இயல் நான்கு: எட்டு அங்கம்

முட்டி இரண்டு, முழங்கை இரண்டு, முழங்கால் இரண்டு, கணுக்காலுக்கு மேலுள்ள முன்னெலும்பு இரண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு எட்டும் வலிக்கும்.

இயல் ஐந்து: உடை

முய் தாய் டவுசர் பளபளக்கும் சாட்டின் துணி. நெய்தது, பின்னியதன்று. உலகத்துக்கே பின்னலாடை போடும் ஊரில் இது ஒரு கௌரவப் பிரச்சினை. ஆகவே மேலே காதர்பேட்டையில் எடுத்த எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன், கீழே பாலியஸ்டர் என்று ஒரு சமரசம் நிலவுகிறது. கையுறை வருவதற்கு முன், 1920களின் கடைசிவரை, தாய்லாந்து வீரர்கள் கையில் கயிறு சுற்றிக்கொண்டுதான் மோதினார்கள். ஒரு வீரர் அடிபட்டு இறந்ததால் கையுறைக்கு மாறினார்கள் என்பது அவர்கள் வரலாறு. நூல் விலை ஏறியதால்தான் மாறினார்கள் என்பது திருப்பூர் ஆய்வு மரபு. நூல் விலைக்காக 2022 மே மாதம் ஊரையே அடைத்தவர்கள் வேறு எதையும் நம்ப மாட்டார்கள்.

இயல் ஆறு: தொங்கும் பையின் அடுக்காய்வு

இந்த ஜிம்மின் பஞ்சிங் பேக்கில் வெளியுறை மட்டுமே காசு கொடுத்து வாங்கியது. உள்ளே இருப்பது கட்டிங் வேஸ்ட். கட்டிங் டேபிளுக்கு அடியில் ஐரோப்பாவே துண்டு துண்டாகக் கிடக்கிற ஊரில் மணல் வாங்கித் திணித்தால் சிரிப்பார்கள். அடிக்க அடிக்கத் துணி கீழே அமுங்கும். மேலே குழி விழும். அந்த சீசன் வேஸ்ட் அதில் போகும். பழையது அடியில், புதியது மேலே. அகழாய்வுக்குரிய மேடு என்பதன் இலக்கணம் இதில் அப்படியே பொருந்துகிறது. நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டி மணிகளும் பெயர் பொறித்த பானையோடுகளும் எடுத்தார்கள். அதே நொய்யல் பாயும் ஊரில் ஒரு மேடு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்க, அதை இதுவரை உதைத்தார்களே தவிரத் தோண்டவில்லை.

ஜிப் விட்டுப்போன ஒரு மாலையில் இவ்வகழாய்வு நடைபெற்றது.

மேலடுக்கில் கறுப்பும் கருஞ்சாம்பலுமாகக் கனத்த பிளீஸ். குளிர்நாட்டு ஹூடி, காலம், போன சீசன். இதில் கருத்து வேறுபாடு இல்லாததால் எவருக்கும் பட்டம் கிடைக்கவில்லை.

இரண்டாம் அடுக்கில் மஞ்சள் வாத்து அச்சிட்ட இன்டர்லாக், குழந்தைத் துணி. வாத்தைக் குலக்குறியாகக் கொண்ட ஓர் இனக்குழு நொய்யல் படுகையில் வாழ்ந்தது என்பது ஒரு கொள்கை. வாத்து இடப்பக்கம் பார்க்க வேண்டியது வலப்பக்கம் பார்த்ததால் பையர் தள்ளிவிட்டார் என்பது நடுமாடிப் பிரிண்டிங் யூனிட்டின் வாய்மொழி மரபு. வாய்மொழி மரபை நாம் மதிக்கிறோம், ஆனால் அடிக்குறிப்பில்தான்.

மூன்றாம் அடுக்கு அறிவுலகைப் பிளந்தது. அது சாயமே காணாத கோராத் துணி. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தனவே, அந்தக் காலத்தது இந்த அடுக்கு என்கிறது பேராசிரியர் தரப்பு. நிட்டிங்கில் ஊசி போய்க் கோடு விழுந்த ரோல், சாயத்துக்கே அனுப்பவில்லை, நான்தான் கொண்டுவந்து போட்டேன் என்கிறார் மறுதரப்பு. மறுதரப்பு ஒரே ஆள், அவரும் நிட்டிங் ஆபரேட்டர். போட்டவர் என்ற முறையில் அவருக்கு இதில் சார்பு உண்டு என்பதால் பேராசிரியரின் முடிவே நிலைநாட்டப்பட்டது.

இவ்வடுக்கின் அரும்பொருள் ஒரு வாஷ்கேர் லேபிள். 1799இல் கிடைத்த ரொசெட்டா கல்லில் மூன்று எழுத்து முறைகள். ஷாம்போலியோன் 1822இல் படித்துக் காட்டினார். நம் லேபிளில் ஐரோப்பிய மொழிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே கட்டளை, தனியாகத் துவைக்கவும். தைத்தவரின் மொழி மட்டும் அதில் இல்லை. (காண்க: ஜிம் எதிரிலுள்ள டீக்கடைக் கணக்கு நோட்டு, எண்ணெய் படிந்த ஏடு, பன்னுக்குக் கீழ் வரி. ‘வடை இரண்டு’ என்பதற்கு ‘உதை இரண்டு’ என்ற பாடபேதமும் உண்டு. டீ மாஸ்டர் அதை மறுத்துப் பாக்கியைக் கேட்கிறார், அவர் துறைசாராதவர். அந்த மறுப்புக்கு மறுப்பு, அதே நோட்டின் பின்னட்டையில், தலைகீழாக.)

அடியடுக்கை எட்ட முடியவில்லை. எல்லாக் கனமும் அங்கே இறங்கிக் கல்லாக இறுகிவிட்டது. இங்கேதான் இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு: புதிதாகச் சேர்ந்தவரின் கால் அந்த உயரத்துக்குத்தான் எழும். ஆகவே வந்த அன்றே அவர் உதைப்பது வரலாற்றின் ஆகப் பழைய, ஆகக் கடினமான அடுக்கை. இடுப்பைத் திருப்பவும் நிற்கும் காலின் குதியைச் சுழற்றவும் பழகப் பழக, கோரா, வாத்து என்று மேலேறி, ஒருநாள் ஹூடியை எட்டுவார். தொல்லியலில் இதற்கு நேர்மாறான திசையில் போகிறவருக்குத்தான் பதவி உயர்வு.

முறிந்த ஊசி ஏதும் கிடைக்கவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி முறிந்தால் கடைசித் துணுக்கு வரை தேடிப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். அந்தக் கண்டிப்பு மேற்கோள் காட்டுவதிலும் இருந்தால் பல ஆய்வேடுகள் பேக்கிங் வரை வந்திருக்காது.

பன்னாட்டுக் கருத்தரங்கிலும் கட்டணம் கட்டினால் பை தருகிறார்கள். அதை யாரும் அடிப்பதில்லை என்பதுதான் குறை.

இயல் ஏழு: வருகை

சனிக்கிழமை சம்பளம், யாரும் வரமாட்டார்கள். ஞாயிறு கறி. ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் மாஸ்டரே வரமாட்டார். அவரும் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

பை இப்போது ஜிப் பூட்டித் தொங்கவிடப்பட்டுள்ளது. அடியடுக்கைத் தோண்ட விரும்பும் பல்கலைக்கழகங்கள் மாலை ஆறரைக்கு மேல் வரலாம். மாதப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், செருப்பைப் படியிலேயே விட வேண்டும், ஷிப்மென்ட் வாரத்தில் ஜிம் பூட்டியிருக்கும்.