ஃப்ரம் எங்கே நிற்கணும்?

மதுரைக்காரர் ‘எங்கிட்டிருந்து வாரீக?’ என்று கேட்கும்போது ‘இருந்து’ என்பது ‘எங்கிட்டு’வின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டே வரும். அதைப் பிரித்து, ‘எங்கிட்டு வாரீக இருந்து?’ என்று மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மாட்டார். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்.

ஆங்கிலத்துக்கு அந்தப் பாசம் கிடையாது. கேள்விச்சொல் முன்னால் ஓடிவிடும். ப்ரிபோசிஷன் கடைசியில் தனியாக நிற்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் காதுக்கு ‘ஹூ டிட் யூ டாக் டு?’ என்பது வீட்டுப் பேச்சு. ‘டு ஹூம் டிட் யூ டாக்?’ என்றால் கோர்ட்டுச் சம்மன். ஏன் சார் என்று கேட்டால் இலக்கணம் எல்லாம் சொல்ல மாட்டார். ‘கேட்க ஒரு மாதிரி இருக்கு’ என்பார், அவ்வளவுதான். சரி, இனி எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடுவோம் என்று துணிந்தால், ‘சின்ஸ் வென்?’ மட்டும் இடம் மாறக் கூடாதாம். ‘வென் ஹேவ் யூ லிவ்ட் ஹியர் சின்ஸ்?’ என்றால் அதே ஆள் முகம் சுளிக்கிறார். நமக்கு நாற்பது மார்க் போனதெல்லாம் இவர் காதை நம்பித்தான்.

இத்தனைக்கும் ப்ரிபோசிஷனைக் கடைசியில் விடாதே என்று கிளப்பிவிட்டதும் அவர்கள் ஆட்களே. 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், செத்து முப்பத்தைந்து வருஷமான நாடகாசிரியர் பென் ஜான்சனிடம் இந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்தார். அதோடு விட்டாரா? 1668இல் தான் எழுதிய நாடகக் கட்டுரையையே எடுத்துவைத்து, வாக்கியக் கடைசியில் நின்றவற்றை 1684 பதிப்பில் உள்ளே இழுத்துப் போட்டார். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத் கொஞ்சம் சாது. பேச்சில் பின்னால் இருக்கட்டும், கம்பீரமான எழுத்தில் முன்னால் வைப்பதே அழகு என்றார். பின்னால் விடும் வழக்கத்தில் ஆங்கிலத்துக்குச் சாய்வு உண்டு என்று சொன்ன இடத்தில் அவரே ஒரு ‘டு’வைக் கடைசியில் தொங்கவிட்டார். குறும்பா, கைதவறலா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் சார் ஒருவர். அவருக்கு டிரைடன் கட்சி. சித்திரை வீதியில் ஒரு டெய்லர் வெளிநாட்டுக்காரர்களை ‘வேர் யூ ஃப்ரம்?’ என்று மடக்குவதைக் கேட்டு, சாருக்குப் பொறுக்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குள் ஏறிவிட்டார்.

“தம்பி, ‘ஃப்ரம் வேர் ஆர் யூ கமிங்?’னு கேக்கணும்.”

டெய்லர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்: “கேட்டுப் பாத்துட்டேன் சார். ‘ஹோட்டல்’ங்கிறாக. வேர் யூ ஃப்ரம்னாத்தான் நாட்டைச் சொல்றாக. நாடு தெரியாம எப்படி சார் ரேட்டு சொல்றது?”