மலைமேல் ஒரு வாரிசுக் கணக்கு

கேள்வி: டி.ஓ.எல். நிலத்தில் கோஸ் போட்டுவந்த அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். கோயிலில் 1990இல் தாலி கட்டியதோடு சரி, பதியவில்லை. நிலம் அம்மாவுக்கா, எனக்கா?
- வாசகர், கம்போங் ராஜா

பதில்: சண்டை வேண்டாம், இருவருக்கும் இல்லை! டி.ஓ.எல். என்பது ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமம். மலேசியாவின் 1965 தேசிய நிலச் சட்டப்படி அதைக் கைமாற்ற முடியாது. உரிமக்காரரோடு அதுவும் போய்ச் சேர்ந்துவிடும். தானா ராத்தா நில அலுவலகத்தில் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள்.

சரி, அப்பா விட்டுப்போன லோரி, வங்கிப் பணம்? அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டி இல்லையென்றால், 1958 பகிர்வுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. சிக்கல், 'மனைவி' யார் என்பதில்தான். 1982 மார்ச் 1 முதல் திருமணப் பதிவு கட்டாயம். ஊரையே அழைத்த அப்பா பதிவாளரை மட்டும் விட்டுவிட்டார்! கல்யாணப் படத்தோடு வக்கீலிடம் போங்கள். ஊழியர் சேமநிதியில் (இ.பி.எஃப்.) அம்மா பெயரை நியமித்திருந்தால், அந்தப் பணத்துக்கு இந்த வழக்கே வேண்டாம்.