எல்லைப் பங்க்கியல்: முள்ளோடைத் தேற்றமும் அதன் மேல் வந்த ஆட்சேபங்களும்

எங்கே பெட்ரோல் போட்டால் மலிவு என்று கேட்டால், கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் விடை தெரியாத வாகன ஓட்டி ஒருவரும் இருக்க மாட்டார். விடை எல்லோருக்கும் தெரிந்திருப்பதாலோ என்னவோ, அதைச் சரிபார்க்க எந்த அறிஞரும் முன்வரவில்லை. "பாண்டியில போட்டுக்கலாம்" என்ற வாக்கியம் வேதவாக்காகவே நிலைத்துவிட்டது. ரிசர்வ் விளக்கு எரிய ஆரம்பித்த பிறகும், தமிழ்நாட்டுப் பங்க்குகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே இதைச் சொல்பவர்கள் உண்டு. அந்த வாக்கியம் பொய்யல்ல. ஆனால் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே மெய். அந்தத் தூரத்தைக் கூட்டிக் கழித்துச் சொல்லிவிட முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் காரணம். பற்பசையும் சோப்பும் புதுச்சேரியில் ஒரு விலை, கடலூரில் ஒரு விலை என்று யாரும் வண்டியை எடுப்பதில்லை. 2017 ஜூலை 1 அன்று வந்த ஜிஎஸ்டி அந்த வேறுபாட்டைத் துடைத்துவிட்டது. பெட்ரோலும் டீசலும் மட்டும் அந்த வலைக்குள் இன்னும் வரவில்லை; மாநிலங்கள் தத்தம் மதிப்புக்கூட்டு வரியை அவற்றின் மேல் தொடர்ந்து விதிக்கின்றன. மனிதர் அருந்தும் மதுவும் அவ்வாறே வெளியில் நிற்கிறது. ஆகப் பொதுமக்கள் அறிந்தவரை, இந்த எல்லையைக் கடந்து போய் வாங்கும் அளவுக்கு விலை மாறுகிற சரக்குகள் இரண்டு, இரண்டுமே திரவம். இந்த ஒற்றுமைக்குப் பின்னர் திரும்புவோம். பெட்ரோலைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் ஒரு சதவீத வரியும் லிட்டருக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகையும் சேர்கின்றன. புதுச்சேரி 2025 ஜனவரியில் தன் வரியைச் சற்று உயர்த்தியது, ஆனாலும் இடைவெளி மூடிவிடவில்லை. ஆய்வின் பொருட்டு அந்த இடைவெளியை லிட்டருக்கு 4 ரூபாய் என்றும், புதுச்சேரி விலையை 97 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது காரணம் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் இந்தப் பிரதேசத்தைத் துண்டுதுண்டாகப் பிடித்தார்கள். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சியை ஒப்படைத்தபோதும் துண்டுகளாகவே ஒப்படைத்தார்கள். அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து வருபவர் காலாப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைந்து, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பத்தில் மறுபடி தமிழ்நாட்டில் இருந்து, முத்தியால்பேட்டையில் இரண்டாம் முறை புதுச்சேரிக்கு வருகிறார். ஒரே சாலையில், சில நிமிடங்களுக்குள், பெட்ரோல் விலை இறங்கி, ஏறி, இறங்குகிறது. கடலூர்ப் பக்கம் முள்ளோடை, விழுப்புரம் பக்கம் மதகடிப்பட்டு, நாகூரை ஒட்டி வாஞ்சூர் என்று ஒவ்வொரு திசைக்கும் ஒரு வாசல் அமைந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் எல்லை வகுத்தவர்களுக்குப் பெட்ரோல் பங்க் பற்றிய தொலைநோக்கு இருந்ததற்கு ஆதாரமில்லை.

இனி தேற்றம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் ஒரு சிறிய காரில் 30 லிட்டர் பிடித்தால் மிச்சம் 120 ரூபாய். அந்த 120 ரூபாய்க்கு ஒன்றேகால் லிட்டர் கிடைக்கும். ஒன்றேகால் லிட்டரில் 22 கிலோமீட்டர் ஓடலாம். போய் வர 22 என்றால் ஒரு வழிக்கு 11. எல்லைப் பங்க்கிலிருந்து 11 கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருப்பவர் அதற்கென்றே புறப்பட்டுப் போனால், ஒவ்வொரு முறையும் புதுச்சேரி அரசுக்கு வரியும் கட்டி, தன் கையிலிருந்து நன்கொடையும் கொடுக்கிறார் என்று பொருள். கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர் பிழைத்துக்கொள்கிறார், விழுப்புரத்துக்காரர் தேறவில்லை, திண்டிவனத்துக்காரரைப் பற்றிப் பேசுவது மனவருத்தம் தரும். பைக்குக்கு மைலேஜ் கூடுதல் என்பதால் அது வெகுதூரம் போகலாம் என்று தோன்றும். ஆனால் 8 லிட்டருக்கு மிச்சம் 32 ரூபாய்தான். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினாலும் ஒரு வழிக்கு 8 கிலோமீட்டரில் ஆதாயம் தீர்ந்துவிடுகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எல்லை வரை ஓட்டிப் போய், கண்ணாடியை இறக்கி, "ஆயிரத்துக்குப் போடுங்க" என்று சொல்கிறவரின் கார் ஆரம் 4 கிலோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். தேற்றம் ஃபுல் டேங்க்குக்கு மட்டுமே செல்லும்.

இதே சூத்திரத்தை மாஹேயில் வைத்துப் பார்த்தால் அதன் அழகு புலப்படும். கேரளத்தின் நடுவே சுமார் 9 சதுர கிலோமீட்டரில் கிடக்கும் அந்தப் புதுச்சேரித் துண்டில், சுற்றியுள்ள கேரளத்தைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் குறைவு. ஆரம் 28 கிலோமீட்டராக விரிகிறது. தலச்சேரிக்காரரும் வடகரைக்காரரும் உள்ளே வருகிறார்கள். கண்ணூர்க்காரர் விளிம்பில் நிற்கிறார். அத்தனை சிறிய ஊரில் பங்க்குகள் அடுத்தடுத்து முளைத்திருப்பதை வேறு எந்தத் தத்துவத்தாலும் விளக்க முடியாது.

ஒரே ஊருக்குள் மலிவு தேடுவோர் தனி மரபினர். ஒரு கம்பெனி பங்க்குக்கும் இன்னொன்றுக்கும் இருபது பைசா வித்தியாசம் கண்டு எதிர்ச்சாரிக்குப் போகிறார்கள். 30 லிட்டருக்கு அது 6 ரூபாய். சாலை நடுத்தடுப்பில் யூ-டர்ன் தேடிச் சுற்றி வருவதற்குள் செலவாகிவிடும் தொகை. விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் கெட்டியாக இருக்கும் என்பாரும் உளர். பத்து டிகிரி குளிர்ந்தால் பெட்ரோல் ஏறத்தாழ ஒரு சதவீதம் சுருங்கும் என்பது இயற்பியல்தான். ஆனால் பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் கிடக்கிறது; வெளியே விடிந்தது அதற்குத் தெரியாது.

ஆட்சேபங்களுக்கு வருவோம். நேரத்துக்கும் விலை உண்டு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று பொருளியலார் கேட்பார்கள். ஞாயிறு மாலை வரிசையில் நின்று, "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்ற குரலுக்கு எட்டிப் பார்த்து, நாசில் தானாக நின்ற பிறகும் "ரவுண்டா போட்டுரவா?" என்பதற்குத் தலையாட்டித் திரும்புகிற மனிதரின் முகத்தை அவர்கள் கவனித்ததில்லை. அரசாங்கத்திடம் 120 ரூபாய் ஜெயித்த திருப்தி அது; நேரக்கணக்கை அது ஈடுசெய்துவிடுகிறது என்பது என் தீர்ப்பு.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. வேறு வேலையாகப் போகிறவருக்குத் தூரச்செலவே இல்லையே? உண்மை. மணக்குள விநாயகரைப் பார்க்கப் போனவருக்கும், சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போனவருக்கும் வழிச்செலவு சாமி கணக்கில் போய்விடும். அவர்கள் போடும் பெட்ரோலே உலகில் ஆக மலிவானது. இங்கேதான் மற்றொரு திரவம் ஆய்வைக் குழப்புகிறது. அதற்காகப் போன பலர் வழிச்செலவைப் பெட்ரோல் பெயரில் எழுதிவிடுகிறார்கள். நிரம்பிய டேங்க்கை வீட்டில் சாட்சியாகக் காட்ட முடிகிறது என்பதோடு, சோதனைச்சாவடியில் டிக்கியைத்தான் திறக்கச் சொல்வார்கள், டேங்க் மூடியை அல்ல. இவர்கள் சொல்லும் மிச்சக்கணக்கை ஆய்வாளர்கள் தரவாக ஏற்கக் கூடாது.

மலிவாகக் கிடைப்பதால் கேனிலும் பிடித்து வரலாமே என்ற மூன்றாவது யோசனைக்குப் பங்க்கிலேயே பதில் எழுதி ஒட்டியிருக்கிறது: பாட்டிலில் பெட்ரோல் கிடையாது. டிக்கியில் வெயிலில் கிடக்கும் பெட்ரோல் கேனுக்கு எந்தத் தள்ளுபடியும் ஈடாகாது என்பதால் அதைப் பற்றி மேலும் ஆராயவில்லை.

ஆரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டயரில் காற்றுக் குறைந்தால் மைலேஜ் குறையும். எல்லை தாண்டிச் சேர்க்கிற ரூபாய் அந்த வழியாகவே கசிந்துவிடும். உங்கள் தெரு முனைப் பங்க்கிலேயே நிறுத்திக் காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது இலவசம்.