ஈக்கும் ஷிஃப்ட் உண்டா?

கேள்வி: இருங்காட்டுக்கோட்டையில் நண்பர்கள் நால்வர் ஒரே அறையில் இருக்கிறோம். ஆளுக்கொரு ஷிஃப்ட். குப்பைக் கவர் மூலையிலேயே கிடக்கிறது. நாற்றமும் ஈயும் தாங்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்கு மூன்று ஷிஃப்ட். ஈக்கு ஒரே ஷிஃப்ட், பகல் முழுக்க! ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். நம் ஊர் வெயிலுக்கு ஒரே நாளில் புழு வந்துவிடும். பத்து நாளுக்குள் அது ஈயாகிப் பறக்கும். மருந்து அடித்தால் பறக்கிற ஈதான் சாகும், புழு பிழைத்துக்கொள்ளும்.

உங்கள் எதிரி ஈரம். மெஸ் பார்சலில் மிஞ்சிய சாம்பாரோடு கவரை இறுக்கிக் கட்டினால், உள்ளே காற்றில்லாமல் அழுகி நாறத்தான் செய்யும். முதலில் குழம்பை வடித்துவிடுங்கள். மூடியுள்ள வாளியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, சோறு, தோல், எலும்பு போடும்போதெல்லாம் மேலே மரத்தூளோ தேங்காய் நார்த்தூளோ தூவுங்கள். மீன் செதிலைக் காகிதத்தில் சுற்றி, அன்றைக்கே வெளியேற்றுங்கள். ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர் கையில் குப்பையும் கிளம்பட்டும். தினம் ஒருவர் முறை.

வாளியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் மட்டும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லின 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். நீங்கள் பிரிக்காததைத் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிக்க நேர்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது. உடைந்த கண்ணாடி, பிளேடு இருந்தால் தனியே பொதிந்து, சொல்லிக் கொடுங்கள்.