ஊக்கு இல்லாத கட்டபொம்மன்

"துணியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்டபொம்மன் மாதிரி இல்லையே" என்று ஆகஸ்ட் 15 அன்று ஒரு பள்ளிக்கூட மேடையில் நடுவர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. தங்கச்சி பேரனுக்கு நான் தைத்துக் கொடுத்த உடை அது. வீரவநல்லூர் கைத்தறிப் பருத்தி, ஓரமெல்லாம் கைத்தையல். முதல் பரிசு வாங்கிய கட்டபொம்மன் வாடகைக் கடைச் சரக்கு: ரோஸ் கலர் சாட்டின், மார்பு நிறைய ஜிகினா, முதுகில் வெல்க்ரோ. வசனத்தின் உச்சத்தில் பையன் வாளைத் தூக்கியதும் முதுகு சர்ரென்று பிரிந்து பனியன் தெரிந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

அந்த நடுவர் கட்டபொம்மனை எங்கே பார்த்தார்? நீங்களும் நானும் பார்த்த அதே கொட்டகையில்தான். 1959-இல் பந்துலு கலரில் எடுத்த படம். சிவாஜி அதில் என்ன போட்டுக்கொண்டு வந்தாரோ, அதற்கப்புறம் பாஞ்சாலங்குறிச்சிக்காரருக்கு வேறு உடையே கிடையாது என்றாகிவிட்டது. கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16-இல். புகைப்படம் என்ற ஒன்றை உலகத்துக்கு அறிவித்ததே 1839-இல். ஆகவே 'மாதிரி இல்லை' என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது என்பது என் கட்சி. "அப்போ 'மாதிரி இருக்கு'ன்னு சொல்ல உங்களுக்கு மட்டும் எப்படி உரிமை வந்துச்சு?" என்று வீட்டம்மா கேட்டாள். அது வேறு விஷயம்.

பக்கவாட்டில் நாடா கட்டுகிற அந்தக் காலத்து அங்கியை எப்படி வெட்டுவது, அக்குளில் ஏன் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்க வேண்டும் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஊக்கைப் பற்றி ஒரு வார்த்தை.

ஊக்குக்குக் காப்புரிமை வாங்கியவர் வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர். வருஷம் 1849. பதினைந்து டாலர் கடனை அடைக்க வழியில்லாமல் ஒரு கம்பியை வளைத்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பார்கள். நம்ம ஆள் தூக்குமேடை ஏறி 50 வருஷம் கழித்து! ஆனால் மாறுவேடப் போட்டி நடக்கும்போது மேடைக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். "மதினி, ஒரு ஊக்கு இருக்கா?" என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. வளையலிலிருந்து ஒன்று கழலும், தாலிச் செயினிலிருந்து ரெண்டு கழலும். வேலு நாச்சியாருக்குத் தோளில் ஊக்கு. பாரதியாருக்குத் தலைப்பாகைக்குள் ஊக்கு. வ.உ.சி. போட்டிருப்பது பெரியப்பாவின் கோட்டு என்பதால் முதுகுநெடுக ஊக்கு. வாஞ்சிநாதனுக்கு வேட்டி நிற்பதே ஊக்கில்தான்; மணியாச்சியில் ரயிலேறியவருக்கு 1911-இல் இப்படி ஒரு கவலை இருந்திருக்காது. காந்திக்குச் சுற்றுவது நாலு முழம், குத்துவது ஆறு ஊக்கு. எல்லாரும் ஒரே நேரத்தில் ஊக்கைக் கழற்றினால் திருநெல்வேலிச் சீமையின் சுதந்திரப் போராட்டமே அவிழ்ந்து விழுந்துவிடும்.

வெல்க்ரோ இன்னும் மோசம். ஸ்விட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்பவர் நாயோடு மலைப்பக்கம் போய்வந்தாராம். நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முள்காயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதிலிருந்து பிறந்த யோசனையாம். நமக்கும்தான் வாய்க்கால் வரப்பில் நடந்தால் வேட்டி நிறைய நாயுருவி ஒட்டுகிறது. திட்டிக்கொண்டே பிய்த்துப் போட்டுவிட்டு வந்தோமே தவிர, கட்டபொம்மன் முதுகில் கொண்டுபோய் ஒட்டவில்லை.

நான் தைத்ததில் ஊக்கும் இல்லை, வெல்க்ரோவும் இல்லை. எல்லாம் நாடாதான். உள்பக்கம் கட்ட ஒரு வரிசை, வெளிப்பக்கம் கட்ட ஒரு வரிசை, அதற்கு மேல் இடுப்புக் கச்சை, அதற்குக் கீழே கால்சட்டை நாடா. பேர் கூப்பிட இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது கட்டபொம்மன் என் காதருகே வந்து, "தாத்தா, ஒண்ணுக்கு வருது" என்றான். தங்கச்சி மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஜாக்சன் துரைகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். "மாமா, இதுக்குத்தான் சொன்னேன், ஒரு எலாஸ்டிக் வையிங்கன்னு." பாளையக்காரருக்கு அவிழ்க்கவும் கட்டவும் ஆள் இருந்திருக்கும்மா என்றேன். அதை அவள் ரசிக்கவில்லை.

சரி, அக்குள் துண்டுக்கு வருகிறேன். இதற்கெல்லாம் ஆதாரம் பார்க்கலாம் என்று திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போனால், நாயக்கர் காலத்துச் சிற்பி நகக்கண்ணை விடவில்லை, நரம்பை விடவில்லை, தொடையில் படிந்த துணியின் மடிப்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் தையல்காரனுக்கு அங்கே பிழைப்பில்லை. கர்ணனிலிருந்து குறவன் வரைக்கும் சட்டை போடாமல்தான் நிற்கிறார்கள். அதே 16-ஆம் நூற்றாண்டில் லேபாட்சி ஓவியத்தில் விஜயநகரத்துப் பிரபுக்கள் நீள அங்கியும் உயரக் குல்லாயுமாக நிற்கிறார்கள். நான் துணி வெட்டுவது அதைப் பார்த்துத்தான்.

வ.உ.சி. கோட்டைத் தைக்கும்போது மட்டும் மனசு உறுத்தும். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களை அவர் வேலைநிறுத்தத்தில் இறக்கியது ஹார்வி துரைமாரின் கம்பெனிக்கு எதிராக. அதே துரைமார்தான் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்திலேயே நூல் மில் ஓட்டினார்கள். அது பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனது. என் பெட்டியில் கிடக்கிற நூல்கண்டுகளில் பாதி அந்தப் பெயர்தான். கப்பல் ஓட்டியவருக்கு அந்த நூலிலேயே கோட்டுத் தைத்து, கையில் தெர்மாகோல் செக்கைக் கொடுத்து மேடையேற்றுகிறோம்.

குலசேகரன்பட்டினம் தசராவை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே காளியும் ராஜாவும் போலீசும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கிறார்கள், ஜிகினா கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அது முத்தாரம்மனுக்கு விரதம் இருந்து போடுகிற வேஷம், நேர்த்திக்கடன். அங்கே மைக் பிடித்து மார்க் போட ஆள் கிடையாது.

நவம்பர் 14 வருகிறது. வேஷம் வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து அக்டோபரிலேயே பிள்ளையைக் கூட்டிவந்து அளவு கொடுத்துவிடுங்கள். 13-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்குக் காலிங்பெல்லை அழுத்தி, "அண்ணாச்சி, பையன் ராஜராஜ சோழனாம், இப்பத்தான் சொல்லுதான்" என்று நிற்காதீர்கள். ராஜராஜனுக்குத் தைக்க ஒன்றுமே கிடையாது. அப்பா வேட்டியைக் கட்டி, அம்மா நகையைப் போட்டு அனுப்புங்கள், போதும்.